‘தெரியாது’ என்று அது சொல்லுமா? ஏஐ உதவியாளர் ஒரு வேலையைத் திட்டமிடும் விதமும் கருவியைத் தெரிவுசெய்யும் விதமும்

முல்லைத்தீவு மாவட்டத்தில் உள்ள ஒரு தாயின் காணியில் பாதி இன்னமும் இராணுவ வேலிக்கு உள்ளே இருக்கின்றது. அந்தக் காணி தொடர்பாக என்ன முடிவு எடுக்கப்பட்டிருக்கின்றது என்று கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவர் 2025 மே 7ஆம் திகதி ஓர் அரச அலுவலகத்தில் விண்ணப்பம் கையளித்தார். விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்தது பேரன். பேரனுக்கு எழுதிக்கொடுத்தது கைபேசியில் இருந்த ஏஐ உதவியாளர்.

விண்ணப்பம் நன்றாகவே இருந்தது. பிழை அடுத்த கேள்வியில் வந்தது. “பதில் எத்தனையாம் திகதிக்குள் வரவேண்டும்?” என்று பேரன் கேட்க, “சட்டப்படி 14 நாட்கள், எனவே மே 21” என்று பதில் வந்தது. 21ஆம் திகதி காலை அந்தத் தாய் கூலி வேலையை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி அலுவலகத்துக்குப் போனார். “இன்னும் நாள் இருக்கு அம்மா, பிறகு வாங்கோ” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அலுவலகத்தில் சொன்னது சரி. உதவியாளர் சொன்னதுதான் பிழை.

சட்டம் சொல்வது 14 வேலை நாட்கள். சனி, ஞாயிறைக் கழித்தால் மே 27. ஆனால், அந்த மாதம் 12ஆம், 13ஆம் திகதிகள் வெசாக் விடுமுறை. அவற்றையும் கழித்தால் மே 29. ஒரே கேள்விக்கு மூன்று விடைகள், சரியானது ஒன்று.

பின்னர் அவரைச் சந்தித்தபோது என்னிடம் அவர் கேட்டது இதுதான்: “அவ்வளவு சட்டமும் தெரிஞ்ச மிசினுக்கு நாள் எண்ணத் தெரியாதே பிள்ளை?”

அந்தக் கேள்விக்கான பதிலே இந்தக் கட்டுரை. காணி, காணாமல் ஆக்கப்பட்ட உறவுகள், இழப்பீடு, வழக்கு என்று தீராத கடிதப் போக்குவரத்தோடு வாழ்பவர்கள் நாங்கள். இந்த உதவியாளர்களைக் கையில் எடுக்கப்போகின்றவர்களில் எங்களுடைய பிள்ளைகளும் இருக்கின்றார்கள். உள்ளே என்ன நடக்கின்றது என்று அறிந்துகொண்டு எடுப்பது நல்லது.

மொழி மாதிரிக்குக் கையும் இல்லை, நாட்காட்டியும் இல்லை

2022 நவம்பர் இறுதியில் ஓபன்ஏஐ நிறுவனம் சட்ஜிபிடியை வெளியிட்டபோது மக்கள் கண்டது ஒரு மொழி மாதிரியை. பெருந்தொகையான எழுத்துக்களைப் படித்துப் பழகி, இதுவரை எழுதப்பட்டதற்கு அடுத்ததாக எந்தச் சொற்துண்டு வரக்கூடும் என்று கணித்து எழுதிக்கொண்டே போவதுதான் அதன் அடிப்படை வேலை. சட்டம், கவிதை, மருத்துவம் எல்லாவற்றையும் அது இப்படித்தான் எழுதுகின்றது.

இதிலிருந்து இரண்டு குறைகள் வருகின்றன. ஒன்று, பயிற்சி முடிந்த நாளுக்குப் பின்னர் உலகில் நடந்தது அதற்குத் தெரியாது. இன்று என்ன திகதி என்பதைக்கூட வெளியில் இருந்து யாராவது சொல்லவேண்டும். இரண்டு, நாள் எண்ணுவது, கூட்டிப் பெருக்குவது போன்ற வேலைகளையும் அது எழுத்தாகவே செய்கின்றது. சரியாக வரலாம், வராமலும் போகலாம். இரண்டு விடையும் ஒரே உறுதியான தொனியில்தான் வரும்.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் 2023இல் நியூயோர்க்கில் நடந்தது. விமானச் சேவை நிறுவனமொன்றுக்கு எதிரான வழக்கில் சட்டத்தரணிகள் சமர்ப்பித்த ஆவணத்தில் இருந்த முன்தீர்ப்புகள் சில எங்குமே இல்லாதவை. சட்ஜிபிடி அவற்றைக் கட்டி எழுதியிருந்தது. இவை உண்மையான வழக்குகளா என்று அதனிடமே கேட்டபோதும் ஆம் என்றது. வழக்குகளைத் தேடிப் பார்க்கும் தரவுத்தளம் எதுவும் அதன் கையில் இருக்கவில்லை. பார்த்தது போல எழுத மட்டும் தெரிந்திருந்தது. நீதிமன்றம் 5,000 டொலர் அபராதம் விதித்தது.

இந்தக் குறையைத் தீர்ப்பதற்காகத்தான் மொழி மாதிரிக்குக் ‘கருவிகள்’ கொடுக்கப்பட்டன. 2022 ஒக்டோபரில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தையும் கூகுளையும் சேர்ந்த ஆய்வாளர்கள், மாதிரியைச் சிந்தனையையும் செயலையும் மாறி மாறி எழுதவைக்கும் ‘ரியாக்ட்’ என்ற முறையை முன்வைத்தார்கள். 2023 பெப்ரவரியில் மெட்டா நிறுவனத்தின் ஆய்வாளர்கள், கணிப்பான், தேடல், நாட்காட்டி போன்றவற்றை எந்த இடத்தில் அழைப்பது என்று மாதிரி தானாகவே பழகும் ‘டூல்ஃபோமர்’ என்ற முறையை வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஜூனில் ஓபன்ஏஐ, நிரல் எழுதுவோர் தங்கள் கருவிகளை மாதிரியோடு இணைக்கும் வசதியைத் திறந்துவிட்டது. 2024 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம், இந்த இணைப்புக்கான பொதுவான நெறிமுறையொன்றை வெளியிட்டது. இன்று கைபேசியில் இருக்கும் உதவியாளர்கள் இந்த வழியில் வந்தவை.

சீட்டு எழுதும் எழுதுவினைஞர்

கருவியைப் ‘பயன்படுத்துகின்றது’ என்று சொன்னாலும் மொழி மாதிரி எந்தக் கருவியையும் தொடுவதில்லை. அதனால் எழுத மட்டுமே முடியும். பூட்டிய அறைக்குள் இருக்கும் ஓர் எழுதுவினைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் எழுந்து வெளியே வரமுடியாது. ஆனால், கதவின் கீழால் ஒரு சீட்டை வெளியே தள்ளலாம். ‘விடுமுறைப் பட்டியல் தேவை, 2025 மே மாதம்’ என்று அவர் எழுதினால், வெளியே நிற்கும் பியோன் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பட்டியலைக் கொண்டுவந்து உள்ளே தள்ளுவார். எழுதுவினைஞர் அதை வாசித்துவிட்டு அடுத்த சீட்டை எழுதுவார்.

எழுதுவினைஞர்தான் மொழி மாதிரி. பியோன், அதைச் சுற்றி எழுதப்பட்ட சாதாரணக் கணினி நிரல். சீட்டுக்கு ஒரு கட்டாய வடிவம் உண்டு: கருவியின் பெயர், அதற்குக் கொடுக்கவேண்டிய விபரங்கள். வடிவம் பிழைத்தால் பியோன் திருப்பிவிடுவார்.

எந்தெந்தச் சீட்டுகளை எழுதலாம் என்று எழுதுவினைஞருக்கு எப்படித் தெரியும்? உரையாடல் தொடங்குவதற்கு முன்னரே ஒரு பட்டியல் அவருடைய மேசையில் வைக்கப்படுகின்றது. ‘இணையத் தேடல்: அண்மைக்காலத் தகவல் தேவைப்படும்போது’, ‘கணிப்பான்: எண்களோடு வேலை இருக்கும்போது’, ‘கோப்பு வாசிப்பான்: பயனர் ஆவணம் தரும்போது’ என்று ஒவ்வொரு கருவிக்கும் ஓரிரு வரி விளக்கம் இருக்கும். கேள்வியையும் இந்த விளக்கங்களையும் சேர்த்து வாசித்துத்தான் அடுத்து எதை எழுதுவது என்று மாதிரி கணிக்கின்றது. ஆகவே, விளக்கம் மங்கலாக இருந்தாலோ, ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு கருவிகள் இருந்தாலோ தெரிவு பிழைக்கும். பட்டியலில் இல்லாத கருவியை எவ்வளவு கெட்டித்தனமான மாதிரியாலும் பயன்படுத்த முடியாது.

திட்டம் என்பது என்ன?

திட்டமிடலும் எழுத்துத்தான். நல்ல உதவியாளர் ஒன்றிடம் அந்தத் தாயின் கேள்வியைக் கொடுத்தால், விடையை எழுதுவதற்கு முன்னர் தனக்குள் ஏறத்தாழ இப்படி எழுதிக்கொள்ளும்:

சிந்தனை: சட்டம் சொல்வது நாட்களா, வேலை நாட்களா? சட்டத்தைப் பார்க்கவேண்டும்.
செயல்: தேடல், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பதிலளிக்கும் காலம்.
விளைவு: 14 வேலை நாட்கள்.
சிந்தனை: வேலை நாட்கள் என்றால் விடுமுறைகள் தேவை.
செயல்: தேடல், இலங்கை அரச விடுமுறைகள், மே 2025.
விளைவு: 1ஆம் திகதி மே தினம், 12, 13 வெசாக்.
சிந்தனை: இப்போது எண்ணலாம். எழுத்தில் எண்ணாமல் கணிப்பானிடம் கொடுக்கவேண்டும்.
செயல்: கணிப்பு, மே 7இன் பின்னர் 14 வேலை நாட்கள்.
விளைவு: மே 29.

ஒவ்வொரு விளைவும் உள்ளே வந்தபின்னர்தான் அடுத்த படி தீர்மானிக்கப்படுகின்றது. சட்டத்தை வாசிக்காமல் விடுமுறைப் பட்டியல் தேவை என்று தோன்றியிருக்காது. தேடல் ஒன்றும் தராவிட்டால் வேறு சொல்லைக்கொண்டு தேடவேண்டும். அல்லது, கிடைக்கவில்லை என்று சொல்லி நிறுத்தவேண்டும். தேடிக்கொண்டே இருப்பதா, போதும் என்று விடையை எழுதுவதா என்ற முடிவையும் மாதிரிதான் எடுக்கின்றது. சில உதவியாளர்கள் முதலிலேயே முழுப் படிகளையும் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக முடிக்கின்றன. சில, ஒரு படி வைத்துப் பார்த்து அடுத்ததை யோசிக்கின்றன. பெரும்பாலானவை இரண்டையும் கலந்து செய்கின்றன.

பேரனின் கைபேசியில் நடந்தது இதுவல்ல. ‘14’ என்ற எண் மாதிரியின் பயிற்சியிலேயே இருந்தது. கேள்வி இலகுவாகத் தோன்றியது. எந்தக் கருவியையும் அழைக்காமல் ஏழோடு பதினான்கைக் கூட்டி எழுதிவிட்டது. கருவிகள் இருந்தும், இங்கே கருவி தேவை என்று அது காணவில்லை.

பிழைகள் எங்கே விழுகின்றன?

கருவி தேவைப்படும் இடத்தில் அழைக்காமல் விடுவது முதல் வகைப் பிழை. பிழையான கருவியை எடுப்பது இரண்டாவது. சட்ட மூலத்தைத் திறக்காமல், யாரோ எழுதிய செய்தித் துணுக்கைத் தேடலில் எடுத்து அதையே சட்டமாகச் சொல்வது இந்த வகை. மூன்றாவது, சரியான கருவிக்குப் பிழையான விபரத்தைக் கொடுப்பது: 2025 விடுமுறைக்குப் பதிலாக 2024 பட்டியலைக் கேட்பது. நான்காவது, கருவி வெறுங்கையோடு திரும்பும்போது இடைவெளியைக் கற்பனையால் நிரப்புவது. எங்களுக்கு அதிக ஆபத்தானது இதுதான்.

படிகள் கூடக்கூடப் பிழைகளும் சேர்கின்றன. ஒவ்வொரு படியும் நூற்றுக்கு 95 தடவை சரியாக நடக்கும் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் படிகள் உள்ள ஒரு வேலை முழுவதும் சரியாக முடிவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 60 அளவில்தான் இருக்கும். நீண்ட வேலை ஒன்றை ஒரே மூச்சில் ஒப்படைத்துவிட்டு முடிவை மட்டும் வாங்குவது ஏன் நல்லதல்ல என்பதை இந்தக் கணக்கே காட்டும்.

பாமினியும் ஊர்ப்பெயரும்

தமிழில் இந்தச் சிக்கல்கள் இன்னும் ஒரு சுற்றுக் கூடுதல். எங்கள் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் நீண்டகாலம் பாவிக்கப்பட்டது பாமினி போன்ற எழுத்துருக்கள். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்கு உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக்களும் குறியீடுகளும். கோப்பு வாசிக்கும் கருவி அதைத் திறந்தால் உதவியாளருக்குக் கிடைப்பது குப்பை எழுத்து. ‘வாசிக்க முடியவில்லை’ என்று சொல்லவேண்டிய இடம் அது. ஆனால், ஓரிரு எண்களையும் திகதிகளையும் மட்டும் பொறுக்கிக்கொண்டு, மீதியை ஊகித்து ஒரு சுருக்கம் எழுதித் தந்துவிடவும் கூடும். வருடிய பழைய உறுதிகள், கையெழுத்தில் உள்ள அனுமதிப்பத்திரங்கள் விடயத்திலும் இதே கதைதான்.

ஊர்ப்பெயர்கள் அடுத்த பொறி. தமிழில் கேட்ட கேள்வியை உதவியாளர் பல வேளைகளில் ஆங்கிலத்துக்கு மாற்றித்தான் தேடுகின்றது. கேப்பாப்புலவு, வட்டுவாகல், முள்ளிவாய்க்கால் ஆகிய பெயர்கள் ஆங்கில ஆவணங்களில் ஒரே விதமாக எழுதப்படுவதில்லை. ஒரு எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு ‘இது பற்றிய ஆவணம் எதுவும் இல்லை’ என்று அது சொன்னால், இல்லாதது ஆவணமல்ல, அந்த எழுத்துக்கூட்டல்.

இது சின்ன விடயமல்ல. 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி அறிவித்தலில், வடக்கில் ஐயாயிரத்து தொள்ளாயிரம் ஏக்கருக்கும் அதிகமான காணிகளுக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் முன்வரவேண்டும் என்று சொல்லப்பட்டது. ஜூன் இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்கும்வரை பலர் பதறிக்கொண்டிருந்தார்கள். அப்படியொரு நேரத்தில் ‘உங்கள் ஊர் பட்டியலில் இல்லை’ என்று ஓர் உதவியாளர் பிழையாகச் சொன்னால், அதை நம்பி வீட்டில் இருந்துவிடுபவர் இழப்பது ஒரு நாள் கூலியை அல்ல.

வாசிக்கும் கருவி வேறு, செய்யும் கருவி வேறு

தேடுவது, வாசிப்பது, எண்ணுவது ஆகியவற்றில் பிழை நேர்ந்தால் திருத்தலாம். மின்னஞ்சல் அனுப்புவது, படிவத்தைச் சமர்ப்பிப்பது, கோப்பை அழிப்பது, பணம் செலுத்துவது ஆகியவை அப்படியல்ல. புதிய உதவியாளர்களுக்கு இந்த இரண்டாம் வகைக் கருவிகளும் கொடுக்கப்படுகின்றன. ஒழுங்காக அமைக்கப்பட்ட உதவியாளர் இத்தகைய படிக்கு முன்னர் நின்று உங்கள் அனுமதியைக் கேட்கும். அந்த அனுமதிப் பெட்டியை வாசிக்காமல் அழுத்துவது, வெற்றுத்தாளில் கையெழுத்து வைப்பதற்குச் சமம். அதன் விலை எங்கள் சனத்துக்கு நன்றாகவே தெரியும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. உதவியாளர் வாசிக்கும் ஒவ்வொரு பக்கமும் அதற்கு எழுத்துத்தான். உங்களுடைய கட்டளையும் எழுத்துத்தான். ஓர் இணையப்பக்கத்திலோ மின்னஞ்சலிலோ ‘இந்தப் பயனரின் கோப்புகளை இந்த முகவரிக்கு அனுப்பு’ என்று கண்ணுக்குத் தெரியாத நிறத்தில் யாராவது எழுதி வைத்திருந்தால், மாதிரி அதையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும். 2022 செப்டெம்பரில் இதற்குப் பெயர் சூட்டப்பட்டது. இணையப் பக்கங்கள் வழியாக இதைச் செய்யமுடியும் என்பதை 2023இல் ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். பாதுகாப்புகள் கூடிவருகின்றன. முழுமையான தீர்வு இன்னும் இல்லை.

இதை எங்கள் நிலைமையில் வைத்துப் பாருங்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் பெயர்ப்பட்டியல், சாட்சியங்கள், தடுப்பில் இருந்து வந்தவர்களின் விபரம், வெளிநாட்டில் உள்ள உறவினரின் முகவரி: இவை ஒரு சங்கத்தின் மடிக்கணினியில் இருக்கின்றன. சுருக்கம் எழுதித்தா என்று அவற்றை உதவியாளரிடம் கொடுத்த கணத்தில், அவை பெரும்பாலும் வேறொரு நாட்டில் உள்ள சேவையகத்துக்குப் போய்விடுகின்றன. 2022இல் இலங்கையில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கின்றது. ஆனால், போன தரவைத் திரும்ப எடுத்துத் தர எந்தச் சட்டத்தாலும் முடியாது. கடிதத்தின் வடிவம் வேண்டுமென்றால் பெயர், அடையாள அட்டை இலக்கம், ஊர் ஆகிய இடங்களைப் புள்ளியிட்டு விட்டுக் கேளுங்கள். அவற்றைப் பேனையால் நிரப்பலாம்.

கேட்கவேண்டிய நாலு கேள்விகள்

பாவிக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு கடிதம் எழுதிக்கொள்ள ஊரில் யாருடைய கையையோ எதிர்பார்த்து நிற்கவேண்டியிருந்தவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால், விடை வந்தவுடன் நாலு விடயங்களைக் கேட்கலாம்.

எந்த ஆவணத்தைத் திறந்து பார்த்தாய், அதன் எந்தப் பிரிவில் இது இருக்கின்றது? எந்தப் படியில் கருவி பாவித்தாய், எதை நினைவில் இருந்து சொன்னாய்? எதைத் தேடிக் கிடைக்கவில்லை? நாளையோ தொகையையோ எப்படி எண்ணினாய், ஒவ்வொன்றாகக் காட்டு.

இவற்றுக்கு அது தரும் பதிலும் எழுத்துத்தான். அதிலும் பிழை வரலாம் என்பதை நியூயோர்க் வழக்கு காட்டியது. ஆகவே, அது காட்டும் ஆவணத்தை நீங்களே திறந்து பாருங்கள். திகதியை நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணுங்கள்.

அந்தத் தாய்க்கு மே 29 கடந்தும் பதில் வரவில்லை. மேன்முறையீட்டை எழுத உட்கார்ந்தோம். பதில் கிடைக்காவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்ய 14 நாட்கள் இருக்கின்றன. இங்கே சட்டம் வேலை நாட்கள் என்று சொல்லவில்லை. ஒரே சட்டத்தில், ஒரே எண்ணுக்கு, இரண்டு கணக்கு. இம்முறை பேரன் உதவியாளரிடம் பிரிவைத் திறந்து காட்டச் சொன்னான். சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஜூன் 12ஐ அம்மாவே பேனையால் வட்டமிட்டார்.

பேனையை மூடிக்கொண்டே கேட்டார்: “தெரியாட்டி தெரியாது எண்டு அது சொல்லுமா பிள்ளை?”

சிலவேளை சொல்லும் அம்மா, கேட்டால் கூடச் சொல்லும், எப்போதும் சொல்லும் என்று நம்பமுடியாது என்றேன்.

“பரவாயில்லை” என்றார். “நான் போன ஆணைக்குழுவளில ஒருத்தரும் தெரியாது எண்டு சொன்னதில்லை. பாக்கிறம் எண்டுதான் சொன்னவை.”